சாவி சட்டைப்பையில் இருந்தது

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, கனகாம்புஜம் அம்மாளின் மௌனக்கூடம் இருந்தது. அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். நார் மில் நடத்திவந்த துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு. அம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் கண்ணை மூடி உட்காருவார்கள். பதினொன்றரைக்கு மணி அடிக்கும். அதுவரை பேச்சில்லை.

ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தும் துரைக்கண்ணுவுக்கு உட்கார வரவில்லை. கண்ணை மூடினால் மில் ஓடும், லாரி வரும், ஆட்கள் சண்டை போடுவார்கள்.

போன கார்த்திகையிலிருந்து அவர் தன் அப்பாவையும் கூட்டிவந்தார். அங்கமுத்துவுக்கு எண்பத்து நாலு வயது. நினைவு தப்பிக்கொண்டிருந்தது. துரைக்கண்ணுவின் மனைவி ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அப்பாவை வீட்டில் தனியாக விட முடியவில்லை. இரண்டு வாரம் கூடத்தில் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பார்த்தார். கிழவர் வாய் ஓயாமல் பேசினார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் துரைக்கண்ணு அவரைக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்தார். வேப்பமரத்து நிழல். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கதவைப் பூட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அப்பா தூங்கிப்போனார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

புதுக் கார். சாவியைக் கையில் எடுக்கவே வேண்டாம். சட்டைப்பையில் இருந்தால் போதும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பும்.

மார்கழியில் ஒரு புது ஆள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பழுப்புத் துணிப்பை. துரைக்கண்ணுவுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். பதினொன்றரை வரை அசையவில்லை. ஒரு ஈ வந்து அவர் இமைமேல் உட்கார்ந்தது. இமை துடிக்கவில்லை. ஈ நடந்து மூக்குவரை போய், திரும்பி வந்து, பறந்தது. துரைக்கண்ணு அரைக்கண்ணால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

அன்று எல்லோரும் போன பிறகு துரைக்கண்ணு அம்மாவிடம் வந்தார்.

"அந்தப் புது ஆளைப் பாத்தீங்களாம்மா? வந்து மூணு வாரந்தான் ஆச்சு. கல்லாட்டம் உக்காந்திருக்கறாரு. எனக்கு எப்பங்க அப்படி வரும்?"

அம்மா அந்த ஆள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"நானும் பார்த்தேன். நாமெல்லாம் காதுல விழறதை விடறதுக்குத்தான் உட்கார்றோம். அவர் எதையோ உத்துக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"என்னத்தைங்க?"

"தெரியலை அண்ணா. எனக்கு அதுதான் புரியலை."

நாலாவது ஞாயிறு. தை பிறந்து ஐந்து நாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தது. துணிப்பைக்காரர் வழக்கத்தைவிட நெருங்கி உட்கார்ந்தார். அவர் முழங்கால் துரைக்கண்ணுவின் முழங்காலைத் தொட்டது. துரைக்கண்ணுவுக்கு அது ஒரு பாக்கியம் போலத் தோன்றியது. அவரைப் பார்த்தே தானும் முதுகை நிமிர்த்தினார், மூச்சை இறக்கினார்.

அன்றுதான் அது நடந்தது. மில் நின்றது. லாரி வரவில்லை. வெளியே ஏதேதோ சத்தங்கள் எழுந்து அடங்கின. அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக உள்ளே வெறும் இடம் இருந்தது.

சற்று நேரத்தில் பக்கத்து ஆள் ஓசையில்லாமல் எழுந்தார். துரைக்கண்ணு கண் திறந்தபோது அவர் வாசல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு உட்கார்ந்தபடியே அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்பினார்.

மணி அடித்ததும் வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் கார் இல்லை.

முதலில் இடம் மாறி நிறுத்திவிட்டோமோ என்று நினைத்தார். மண்ணில் டயர்த் தடம் இருந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். தோப்பு சும்மா இருந்தது.

"எங்கப்பா உள்ளே இருக்கறாருங்க" என்றார். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை கத்தினார்.

போலீசுக்குப் போன் போட்டார்கள். ஆளுக்கொரு வண்டியில் நாலு பக்கமும் ஓடினார்கள். துரைக்கண்ணு அம்மாவின் பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு ஒரு மணிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும் என்று திரும்பத் திரும்ப யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. பெண் குரல்.

"ஏனுங்க, மடத்துக்குளத்துல ரோட்டோரம் டீக்கடை வெச்சிருக்கறனுங்க. இங்க ஒரு பெரியவர் இருக்கறாரு. சட்டைப்பையில இந்த நம்பர் இருந்துச்சுங்க."

ஒரு நண்பரின் காரில் போனார்கள். உடுமலையைத் தாண்டி ஒரு மணி நேரப் பயணம். அங்கமுத்து பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம் தெளிவாக இருந்தது.

டீக்கடைக்கார அம்மா துரைக்கண்ணுவைப் பார்த்ததும், "அட, திரும்பி வந்துட்டீங்களா?" என்றாள். பிறகு அருகில் வந்து உற்றுப் பார்த்தாள். "இல்லீங்க, அவரில்லை. ஆனா உங்க சாடைதானுங்க."

"யாரு? என்ன நடந்துச்சுங்க?"

"காரை நிறுத்தினாரு. எஞ்சினை மட்டும் அணைக்கவே இல்லை. பெரியவர் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சாரு. டீ சொன்னாரு. சட்டைப்பையில நம்பர் இருக்குது, பத்து நிமிசம் கழிச்சுக் கூப்புடுங்கன்னாரு. கிளம்பற நேரத்துல பெரியவர் கையை விட மாட்டேன்னுட்டாரு. அவரும் நின்னுட்டுத்தான் இருந்தாரு. அப்புறம் மெதுவா விரலை எடுத்துவிட்டுட்டுப் போனாருங்க."

துரைக்கண்ணு அப்பாவின் முன்னால் மண்டியிட்டார். "அப்பா. நான் வந்துட்டனுங்கப்பா."

அங்கமுத்து மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க யாருங்க?"

"துரைங்கப்பா. உங்க பையன்."

கிழவர் சிரித்தார். "இல்லீங்க. எம் பையன் இப்பத்தான் போறான். கார்ல ரெண்டு பேரும் பேசிட்டே வந்தோம். அவனைச் சாமின்னுதான் கூப்புடுவேன். சாமி, இருக்கறயான்னு கேட்டேன். இருக்கறனுங்கப்பான்னான். மறுக்காக் கேட்டேன். இருக்கறேன்னான். வழி நெடுகக் கேட்டேன். ஒவ்வொருக்காவும் சொன்னான்."

கிழவர் பன்னை மறுபடி டீயில் நனைத்தார்.

"உங்கம்மா செத்தன்னைக்கு நீ ஏண்டா அழுவலைன்னும் கேட்டுப்போட்டேன். ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். அழுதேங்கப்பா, யாரும் பாக்காத எடத்துல அழுதேன்னான்."

அது உண்மை. துரைக்கண்ணு அன்று தனியாக அழுதது அவருக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் போலீஸ்காரர்கள் ஜெரால்டு என்ற கார் எலக்ட்ரீஷியனைக் கூடத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவன் சாவியை வாங்கிப் பார்த்தான்.

"கதவைத் தொட்டதும் காரு ஒரு கேள்வி கேக்கும் சார். சாவி, பக்கத்துல இருக்கியான்னு. சின்னக் குரல். ரெண்டு கை தூரத்துக்கு மேல எட்டாது. சாவிக்கு அது கேட்டா, இருக்கேன்னு பதில் சொல்லும். கதவு திறக்கும்."

"நான் உள்ளே உக்காந்திருந்தனே? அம்பதடி தூரம்."

"அதுக்குத்தான் ரெண்டு ஆள். கார்கிட்ட நின்னவன் கையில ஒரு பெட்டி, உங்க பக்கத்துல உட்கார்ந்தவன் பையில இன்னொண்ணு. கேள்வியை வாங்கிட்டு வந்து உங்க சட்டைப்பைகிட்ட விட்டாங்க. பதிலை வாங்கிட்டுப் போயி கார்கிட்ட விட்டாங்க. அவ்வளவுதான் சார். எதையும் உடைக்கலை. காரும் பொய் சொல்லலை, சாவியும் பொய் சொல்லலை."

"நடுவுல வண்டி நின்னுராதா?"

"ஓடற வண்டி சாவி இல்லைன்னு நிக்காது. நின்னா ஆபத்து. அணைச்சாத்தான் மறுபடி கிளம்பாது." அவன் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். "இனிமே புது வண்டி வாங்கினா, சாவியை இரும்பு டப்பாவுல போட்டு மூடி வைங்க. மூடிட்டா அதுக்கு எதுவும் கேக்காது."

கார் கிடைக்கவில்லை. அதை ஓட்டிப் போனவனும் துணிப்பைக்காரரும் கிடைக்கவில்லை. கூடத்தில் அவர் எழுதிக் கொடுத்திருந்த ஊரில் அந்தப் பெயரில் யாருமே இல்லை.

அங்கமுத்து மட்டும் மாறிப்போனார். காலையில் குளித்து, சலவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ரோட்டில் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். துரைக்கண்ணு சோறு ஊட்டினால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், எம் பையன் வந்துருவான்" என்பார். துரைக்கண்ணு ஒருநாள் தன் பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார். கிழவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா, இவந்தான். நல்ல பையன். இவனை உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

அன்று மதியமே துரைக்கண்ணு கூடத்துக்கு வந்தார். வாரநாள் என்பதால் யாரும் இல்லை. அம்மா பாய்களை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"ஒரு திருட்டுப் பய நான்தான் உங்க பையன்னு பொய் சொன்னான். அவனை நம்பிட்டாரு. நான் நெசமாலுமே பையன். நெசத்தைத்தான் சொல்றேன். என்னை நம்ப மாட்டேங்கறாரு. ஏனுங்கம்மா?"

அம்மா கையிலிருந்த பாயை விரித்தார். "அன்னைக்கு உட்கார்ந்த இடத்துல உட்காருங்க. கண்ணை மூடுங்க."

துரைக்கண்ணு உட்கார்ந்தார். அம்மா கூடத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கடைசிக் கதவும் சாத்திய சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் மண்ணில் சரசரவென்று விலகிப் போயிற்று. பிறகு அமைதி. அவருக்கு இடப்பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல முழங்காலில் ஒரு சூடு தட்டியது. யாரும் இல்லை என்று தெரியும். கண் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது.

வேப்பமரத்துப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. கூவவில்லை. சாதாரணமாகப் பேசும் குரல்.

"அண்ணா, இருக்கீங்களா?"

சொல்லுக்குச் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. துரைக்கண்ணுவின் உதடு அசையவில்லை. ஆறு வருடப் பழக்கம்.

"அண்ணா, இருக்கீங்களா?"

மூன்றாவது முறையும் அதே குரல், அதே நிதானம். பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கதவு திறந்தது. வெயில் அவர் முகத்தில் விழுந்தது.

"கேட்டுதா?" என்றார் அம்மா.

"கேட்டுச்சுங்கம்மா."

"அன்னைக்கு?"

துரைக்கண்ணு பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கும் கேட்டுச்சு. போலீசுல சொல்லலை. உங்ககிட்டயும் சொல்லலை. வண்டி கிளம்பற சத்தம் கேட்டுச்சு. அப்பா கூப்பிட்டதும் கேட்டுச்சு. சாமி, இருக்கறயான்னு. ரெண்டு தடவை." அவர் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார். "காதுல விழறதை விடோணும்னு நெனச்சேன். விட்டுட்டேன். விட முடிஞ்சுதேன்னு சந்தோசப்பட்டனுங்கம்மா."

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வெளியே காற்று தென்னை மட்டைகளை அசைத்துக்கொண்டிருந்தது.

"கேள்வி உங்களுக்குத்தான் வந்தது, அண்ணா" என்றார். "பதில் அவன்கிட்ட இருந்து போச்சு."