வாழைப்பூவின் உள்மடல்

நல்லாற்றங்கரை மடத்தில் நோயாளிகளுக்கென்று தனிச் சமையலறை ஒன்று இருந்தது. அதன் பொறுப்பைத் தில்லைநாயகம் ஏற்றிருந்தார். மடத்தின் தலைவரான அடிகளைவிட வயதில் மூத்தவர். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சீடர்.

ஒரு காலையில் அவர் அடிகளின் முன் வந்து நின்றார்.

“மாரப்பனை இன்றே அனுப்பிவிட வேண்டும், அடிகளே.”

மாரப்பன் மாட்டுச் சந்தையில் தரகராக இருந்தவர். கிழட்டு மாட்டை இளமாடு என்று விற்றது போதும் என்று சொல்லி மடத்துக்கு வந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

“என்ன செய்தார்?”

“வயிற்றுப்புண்ணோடு வந்திருக்கும் நெசவாளருக்கு நேற்று வாழைப்பூக் கூட்டு. நறுக்கியதை உடனே மோரில் போடச் சொன்னேன். போடாமல் ஊர்க்கதை பேசியிருக்கிறான். பூ கறுத்துவிட்டது, கூட்டு கசந்தது. நெசவாளர் ஒரு வாய் உண்டு இலையை மூடிவிட்டார். மாலைவரை வெறும் வயிறு, தாங்காத வலி. கேட்டால், மோரில் போட்டேன் என்று சத்தியம் செய்கிறான்.”

“வேறு ஒன்றும் சொல்லவில்லையா?”

“சொன்னான். ‘பூ கறுத்தால் என்ன ஐயா, வயிற்றுக்குள் இருட்டுத்தானே’ என்றான்.”

அடிகளின் உதட்டோரம் அசைந்தது. தில்லைநாயகம் சிரிக்கவில்லை.

“கசப்பை மன்னிக்கலாம். பொய்யை எப்படி மன்னிப்பது? நாளை மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டும் இப்படித்தான் சத்தியம் செய்வான். மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டேன். நாளை சந்தை கூடுகிறது. பழைய இடத்திலேயே போய்ச் சேர்ந்துகொள்ளட்டும்.”

“நெசவாளருக்கு இன்று என்ன உணவு?”

“வாழைப்பூதான். அதன் துவர்ப்பு புண்ணை ஆற்றும்.”

“இங்கேயே கொண்டுவந்து ஆயும். நான் பார்க்க வேண்டும்.”

சினம் தணியாமலே தில்லைநாயகம் சென்றார். பூ, அரிவாள்மணை, நல்லெண்ணெய், ஓர் ஏனம் ஆகியவற்றோடு திரும்பினார். கறை ஒட்டாதிருக்க உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சிவந்த மடல்களை ஒவ்வொன்றாக உரித்தார். ஒவ்வொரு பூவையும் விரித்து, தலை தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் பிடுங்கினார். நரம்புகள் தரையில் குவிந்தன.

அடிகள் ஒரு நரம்பை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது வளைய மறுத்தது.

“இது வேகாதா?”

“நாள் முழுதும் அடுப்பில் வைத்தாலும் வேகாது. புண்பட்ட வயிற்றுக்கு இது ஆகாது.”

மடல்களின் சிவப்பு குறைந்து வெண்மை வந்தது. தில்லைநாயகம் உரிப்பதை நிறுத்தினார். வெண்மையான உட்குருத்தை மடலோடும் பூவோடும் அப்படியே நறுக்கி, ஆய்ந்து நறுக்கிய மற்றவற்றோடு ஏனத்தில் சேர்த்தார்.

“அவற்றில் நரம்பு இல்லையா?” என்று அடிகள் கேட்டார்.

“இருக்கிறது.”

“எடுக்கவில்லையே?”

“எடுக்கத் தேவையில்லை, அடிகளே. இன்னும் முற்றவில்லை. கூட்டோடு சேர்ந்து குழைந்துவிடும்.”

“மரத்திலேயே விட்டிருந்தால்?”

“இவையும் முற்றித்தான் போயிருக்கும்.”

சொல்லி முடித்ததும் அவர் கை நின்றது.

வெளிவாயிலில் மாரப்பன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியில் சென்ற மாட்டுக்காரன் ஒருவன், “என்ன தரகரே, நாளை சந்தைக்கு வருகிறீரா?” என்று கேட்டான். மாரப்பன் முகத்தை மடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தில்லைநாயகம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனத்தைப் பாரும்” என்றார் அடிகள்.

பார்த்தார். நறுக்கிய பூவின் ஓரங்களில் கருமை படரத் தொடங்கியிருந்தது. ஏனத்தில் மோர் இல்லை. அவர் கொண்டுவரவே இல்லை.

“நான்…” என்று தொடங்கினார்.

“பூ கறுத்துக்கொண்டிருக்கிறது, தில்லைநாயகம். மோர் கொண்டுவர யாரை அழைக்கப் போகிறீர்?”