தையல் இல்லாத ஆட்சி

அறுபது வருஷம் இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்த வடகரையும் தென்கரையும், கடவுள் புண்ணியத்தில், ஒரு தை மாதம் மறுபடி ஒன்றாயின. காசிக்குக் கிளம்பும் அவசரத்தில் ராஜா, "நான் திரும்புறதுக்குள்ள ரெண்டு கரை அதிகாரிகளும் ஒரே ஆள் மாதிரி வேலை செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கு ஏறினார்.

மந்திரி அன்றைக்கே தையற்காரரை வரவழைத்தார்.

வடகரை மணியக்காரர் கொண்டப்பனையும் தென்கரை மணியக்காரர் ஆனையப்பனையும் ஒரே சட்டைக்குள் நிறுத்தித் தைத்தாயிற்று. கழுத்து இரண்டு, கை இரண்டு. வெளியே தெரிந்த வலக்கை கொண்டப்பனுடையது, இடக்கை ஆனையப்பனுடையது. மிச்சக் கைகள் உள்ளே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. காவல்காரர் இருவரை முதுகோடு முதுகாகத் தைத்ததில், திருடன் வந்த அன்று ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்த்து நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். திருடனே பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனானாம்.

ஒரே ஆள் என்பதால் சாப்பாட்டுக்கும் ஒரே இலை. கொண்டப்பன் ஊட்டினார், ஆனையப்பன் சாப்பிட்டார், ஏப்பத்தைக் கொண்டப்பன் விட்டார்.

இதையெல்லாம் கொண்டப்பன் பொறுத்துக்கொண்டார். நாடு சேர்ந்த மறுவாரமே தென்கரைப் பையனுக்குக் கட்டிக்கொடுத்த மகள் பொன்னுத்தாய், வருஷம் திரும்புவதற்குள் தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்றாள். பேத்தியை ஒருதரமாவது தூக்க வேண்டும். ஒன்று அவர் கை, ஒன்று ஆனையப்பன் கை. ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. கொண்டப்பன் மனைவி வெள்ளையம்மாள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பிள்ளையா, பறங்கிக்காயா? ரெண்டு கையும் ஒரே ஆளோடதா இருந்தா வாங்க, தர்றேன்."

கொண்டப்பன் அழுதுகொண்டே மந்திரியிடம் போனார். மந்திரி நேரில் வந்து குழந்தையைப் பார்த்தார். அப்பன் எந்தக் கரை என்று கேட்டார். தென்கரை. அம்மா? வடகரை. மந்திரிக்கு மூச்சே நின்றுவிட்டது. பிள்ளையைத் திருப்பிப் போட்டு, அக்குள், கழுத்து மடிப்பு எல்லாம் தேடினார்.

"கொண்டப்பா, தையல் எங்கேப்பா?"

"பொறந்தப்பவே இல்லீங்க ஐயா."

ஆனையப்பன் பிள்ளையின் குதிகாலையும் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

"நாம ஒரு வருஷமா ஊசியும் நூலுமா அல்லாடுறோம். இந்தம்மா சத்தமில்லாம ஒண்ணாவே வந்திருக்காங்க" என்று மந்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலமே எல்லாருடைய தையலையும் பிரித்தார்கள். இரண்டு கரைப் பதவிகளும் முத்திரையோடு தொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தன. அழுதால் மனு தள்ளுபடி. சிரித்தால் அனுமதி. கொட்டாவி விட்டால் பரிசீலனை. முத்திரை பிள்ளையைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று வெள்ளையம்மாள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கொண்டப்பன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். காவல்காரர்கள் மறித்து, மனு இருக்கிறதா என்று கேட்டார்கள். நியாயந்தானே. பேத்தியைத் தூக்க அனுமதி கேட்டு எழுதிக்கொண்டு நாற்பத்து மூன்றாவது ஆளாக நின்றார். அவர் முறை வந்தது.

"அரசாங்கம் பால் குடிச்சிட்டுத் தூங்குது. நாளைக்கு வாங்க."

கொண்டப்பனுக்குத் துளி வருத்தமில்லை. சொந்தக் கைகள் இரண்டாலும் மனுவை அலுங்காமல் ஏந்தி, மெதுவாகத் தாலாட்டிக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போனார்.