கரையைத் தொடக் கூடாது

ஒரு வழக்குச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடாதீர்கள். நானே இரண்டு முறை தீர்ப்பை மாற்றிச் சொல்லி அசடு வழிந்தவன்.

மன்னன் தீரசேனனின் சீமையில் செம்பூவம் என்றோர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே, வீட்டுக் கூரைகளைவிட உயரத்தில் ஒரு பெரிய ஏரி. அது உடைந்தால் ஊரே இல்லை. ஆகவே கோடைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வாரி, கரைக்கு மண் போடுவது வழக்கம். தீரசேனன் பட்டத்துக்கு வந்ததும் அதை நிறுத்தினான். "இனி யாரும் மண் சுமக்க வேண்டாம். கரை வரி கட்டுங்கள், கரையை நான் பார்த்துக்கொள்கிறேன். உத்தரவு இல்லாமல் கரையில் மண்வெட்டி வைப்பவனுக்குச் சிறை" என்று முரசறைவித்தான்.

வரி வருடாவருடம் ஏறியது. வண்டி போனால் கட்டணம், சந்தையில் கூடை இறக்கினால் கட்டணம், ஆடு ஏரியில் வாய் வைத்தால் அதற்கும் கட்டணம். கரைக்கு மட்டும் ஒரு கூடை மண் விழவில்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

பார வண்டி ஓட்டிப் பிழைத்த வீரக்கண்ணு ஒருநாள் மன்னனிடமே கேட்டுவிட்டான்: "மகாராஜா, எங்களைக் கேக்காம எங்க காசை எடுக்கிறது எந்த ஊரு நியாயம்?"

மன்னன் சிரித்தான். "கேட்டால் கொடுத்துவிடுவாயா? ஊர் நன்மைக்குத்தானே எடுக்கிறேன்."

அன்றிலிருந்து வீரக்கண்ணு வரி கட்ட மறுத்தான். சேவகர்கள் வந்து அவனுடைய ஒரு மாட்டை வரிக்கு ஈடாக ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. கரையின் அடியில் நீர் கசிந்தது. கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலையில் தெளிவாக இருந்த நீர் மதியத்தில் செம்மண் நிறமானது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மதில்மேல் ஏறினார்கள்.

வழி ஒன்று இருந்தது. வடகோடியில் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் ஊரைத் தொடாமல் ஆற்றுக்குப் போய்விடும். ஆனால் அந்த வழியில் காத்தாயியின் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கணவனை இழந்தவள், அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சோறு அதிலிருந்துதான்.

ஏரி அதிகாரி சிவக்கொழுந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மன்னன் அக்கரைச் சீமையில் ஒரு கல்யாண விருந்தில் இருந்தான். இடையில் ஆறு பெருகி ஓடியது.

"குதிரைக்காரனை அனுப்பியிருக்கேன்ப்பா. உத்தரவு வரட்டும். எனக்கு முன்னால இருந்தவர் கேக்காம மதகைத் திறந்தாரு. வேலையும் போச்சு, குடியிருந்த வீடும் போச்சு" என்றான்.

கசிவு தொடைப் பருமன் ஆயிற்று. வீரக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தான். வழியில் காத்தாயி, சாய்ந்த கொடிகளை அகத்தி மரங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கணம் நின்று பார்த்தான். கூப்பிடவில்லை. போய் வெட்டினான்.

தண்ணீர் வரும் சத்தம் கேட்டு அவள் பிள்ளைகளோடு மேட்டில் ஏறித் தப்பினாள். பொழுது சாய்வதற்குள் ஏரி தணிந்தது. ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கொடிக்கால் மட்டும் அகத்தியோடு ஆற்றுக்குப் போயிற்று.

மன்னன் திரும்பி வந்ததும் காத்தாயி சபையில் போய் நின்றாள். "ஊரு பொழைச்சது சந்தோஷம். என் பொழப்புக்கு யாரு பதில் சொல்றது?"

"வெட்டியவன் தரட்டும். அவன் சட்டத்தையும் மீறியவன், வரி கட்டாதவன்" என்றான் மன்னன்.

"என் மாடு உங்க கொட்டில்லதான் நிக்குது, மகாராஜா. நான் வெட்டலைன்னா இந்த வழக்கைச் சொல்ல ஒரு ஆளு மிஞ்சியிருக்காது" என்றான் வீரக்கண்ணு.

"உத்தரவு இல்லாம நான் என்ன செய்ய முடியும்?" என்றான் சிவக்கொழுந்து.

காத்தாயி வீரக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, என் கொடிக்கால் வழியாத்தானே போனீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, நீ மாட்டேன்னுட்டா? ஊரு நன்மைக்குத்தானே…" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் முகம் செத்துப்போயிற்று. மன்னன் மட்டும் புன்னகைத்தான்.

அமைச்சர் குறுக்கிட்டார். "எதற்கு வீண் பேச்சு? கஜானாவிலிருந்து கொடுத்துவிடலாம்." சபை தலையாட்டியது.

மன்னனா, அதிகாரியா, வீரக்கண்ணுவா, கஜானாவா? காத்தாயிக்கு ஈடு தர வேண்டியது யார்?

விடை: வீரக்கண்ணு வெட்டியது சரி, கேட்காமல் போனது தப்பு. ஒரு குரல் கொடுத்திருந்தால் மறுநடவுக்கு நாலு கட்டு விதைக்கொடியாவது அவள் அறுத்துக்கொண்டிருப்பாள். ஆகவே விதைக்கொடி தேடிக் கொடுத்து, நட்டுத் தருவது அவன் கடன். அதிகாரி கோழைதான், ஆனால் அந்தப் பயத்தை ஊட்டியவன் மன்னன். ஊரார் கைகளையெல்லாம் கட்டிப்போட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன்தான் கொடிக்காலுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் கஜானாவிலிருந்து அல்ல. அங்கே இருப்பதில் காத்தாயி கட்டிய வரியும் உண்டு. அவள் காசையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் அதையும் சேர்த்து வரியாக வாங்குவார்கள். மன்னன் தன் சொந்த நிலத்திலிருந்து தரட்டும். தருவானா என்று என்னைக் கேட்காதீர்கள். வடகோடியில் வெட்டிய வாய் இன்னும் திறந்தே கிடக்கிறது, ஏரி நாளுக்கு நாள் வற்றுகிறது. அதை அடைக்க உத்தரவு கேட்டு ஊரே அரண்மனை வாசலில் நிற்கிறது.