மாந்தோப்பில் முளைத்த எல்லைச்சாமி

நெடுங்கரைச் சீமையை ஆண்ட விசயரகுபதி ராஜாவுக்கு ஒரு சந்தை நாளில் ரோஷம் வந்தது. கோட்டையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பெருவழியில் எதிரும் புதிருமாக இரண்டு உப்பு வண்டிகள் மாட்டிக்கொண்டன. நீ பின்னே போ, நான் போகமாட்டேன் என்று வண்டிக்காரர்கள் சண்டை பிடிக்க, ராஜாவின் பல்லக்கு அரை நாள் வெயிலில் நின்றது. பல்லக்குக்குள் இருந்தவர் வெந்து போனார்.

மறுநாளே உத்தரவு போட்டார். பெருவழி இனி எட்டு யானை பக்கம் பக்கமாக நடக்கிற அகலம் இருக்க வேண்டும். கிழக்கு வாசலிலிருந்து துறைமுகம் வரை கயிறு பிடித்தாற்போல நேராகவும் ஓட வேண்டும்.

பிரதானி திருமலைக்கொழுந்து ஆள் வைத்துக் கயிறு பிடித்தார். கயிறு போய் அவருடைய மாந்தோப்பின் நட்டநடுவில் விழுந்தது. நூற்றைம்பது மரம், அத்தனையும் காய்ப்பு மரம். மனிதருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

நான்காம் நாள் தோப்பில் சாமி முளைத்தது. கயிறு விழுந்த அதே இடத்தில், இடுப்பளவு கல் ஒன்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சை மாலையோடு நின்றது. எல்லைச்சாமி தானாகவே எழுந்தருளியிருக்கிறார் என்று பிரதானி சபையில் கண்ணீர் மல்கச் சொன்னார். பூசாரியும் தயாராக இருந்தார். முந்தின வாரம் வரை அவர் பிரதானி வீட்டுச் சமையல்காரர்.

ராஜா பயபக்தி உள்ளவர். சாமியை அசைக்கக்கூடாது, சாலை வளைந்து போகட்டும் என்றார். சாமியைச் சந்தேகித்துப் பேசுகிறவன் நாக்கை அறுப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சாலையை எந்தப் பக்கம் வளைப்பது என்று பிரதானி ரொம்ப யோசிக்கவில்லை. வடக்கே வேளார் தெரு இருந்தது. நாற்பது வீடு. அமாவாசைக்குள் காலி செய்யச் சொல்லித் தண்டோரா போட்டாகிவிட்டது.

அந்தத் தெருவில் பானை வனைகிற ஆவுடை, அரசவையில் வாயாடியென்று பேரெடுத்த கூத்தபிரானைத் தேடி வந்தாள். கூத்தபிரானுக்கு அந்த வாய்தான் சோறு போட்டது. இந்த விஷயத்தில் அதைத் திறந்தால் நாக்கு போகும்.

"வீட்டப் பிரிச்சா வேற எடத்துல கட்டிக்கிடலாம் ஐயா," என்றாள் ஆவுடை. "சூளையத் தூக்கிட்டு எங்க போவ? எங்க பாட்டன் காலத்துலருந்து வெந்த மண்ணு அது. புதுச் சூளை பழகி வர ரெண்டு வருசம் ஆவும். அதுவரைக்கும் பிள்ளைங்க எதத் திங்கும்?"

கூத்தபிரான் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு நேரே மாந்தோப்புக்குப் போனார். தேங்காயை உடைத்து, விழுந்து கும்பிட்டு, சாமியை வலம் வரக் கிளம்பினார். எதிரே நின்று கும்பிட்டால் போதும் என்று பூசாரி பதறினார். சாமியை வலம் வராமல் போனால் பாவம் அல்லவா என்று கூத்தபிரான் நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்தபோது அவர் முகத்தில் பக்தி வழிந்தது.

மறுநாள் சபையில் அவர் பேச எழுந்ததும் பிரதானி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்கு ஒரு நாக்கு விழும் என்று அவருக்கு உள்ளூரக் குஷி.

கூத்தபிரானோ சாமியைப் புகழ்ந்து தள்ளினார். அவ்வளவு சக்தியுள்ள சாமியை இந்தச் சீமையே பார்த்ததில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மகாராஜா, ஒரு பெரிய தப்பு நடக்கப் போகிறது. இத்தனை வருஷம் மண்ணுக்குள் இருந்த சாமி, சாலைக்குக் கயிறு பிடித்த பிறகுதான் வெளியே வந்தார். அதுவும் கயிறு விழுந்த இடத்திலேயே வந்தார். அவர் நம் சாலையைக் காக்க வந்தவர். வந்தவரைத் தோப்புக்குள் தனியாக விட்டுவிட்டுச் சாலையை வளைத்தால் அவருக்குக் கோபம் வராதா?"

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. அதற்காகக் கல்லை அசைக்க முடியுமா என்று கேட்டார்.

"அசைக்கவே கூடாது. சாமி நடுவில் அப்படியே நிற்கட்டும். அவருக்கு வலப்பக்கம் எட்டு யானை அகலம், இடப்பக்கம் எட்டு யானை அகலம். போகிறவர்கள் ஒரு பக்கம் போகட்டும், வருகிறவர்கள் மறுபக்கம் வரட்டும். இனி எந்த உப்பு வண்டியும் மகாராஜாவுக்கு எதிரே வராது."

பிரதானி கணக்குப் போட்டார். பதினாறு யானை. தோப்பில் மிஞ்சப்போவது வேலி மட்டும். எழுந்து ஓடிப்போய் ராஜாவின் காலில் விழுந்தார். அது சாமியே இல்லை, பெருவழியோரம் தூரம் காட்ட நின்ற பழைய காதக்கல்லை நான்தான் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டேன், எட்டு யானையோடு விட்டுவிடுங்கள் என்று கதறினார்.

ராஜாவின் முகம் சிவந்தது. நாக்கை அறுப்பதென்றால் இப்போது பிரதானியின் நாக்கைத்தான் அறுக்க வேண்டும். கூத்தபிரான் குறுக்கே வந்து, பாவம் பிழைத்துப் போகட்டும் என்றார்.

"சரி. ஆனால் போக ஒன்று, வர ஒன்று என்பது எனக்குப் பிடித்துவிட்டது," என்றார் ராஜா. "பதினாறு யானையே இருக்கட்டும். தோப்பு வழியாகவே போகட்டும். வேளார் தெருப் பக்கம் ஒருவனும் கடப்பாரையோடு போகக்கூடாது."

பிரதானியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டு போனார்கள். ராஜா கூத்தபிரானை அருகே அழைத்தார்.

"அது காதக்கல் என்று உனக்கு முன்பே தெரியுமா?"

"வலம் வந்தபோதே தெரியும். அவசரத்தில் சாமிக்கு முதுகில் மஞ்சள் பூச மறந்துவிட்டார்கள். 'துறைமுகம் மூன்று காதம்' என்று எழுதியிருந்தது."

"பிறகு ஏன் சபையில் அதைச் சொல்லவில்லை?"

"சாமி இல்லை என்றிருந்தால் என் நாக்கு போயிருக்கும் மகாராஜா. இருக்கிறார் என்றேன், பிரதானியின் தோப்பு போயிற்று."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. கழுத்து மாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். அன்று சாயந்தரமே வேளார் தெருவில் சூளை மூட்டினார்கள். முதல் பானையை ஆவுடை கூத்தபிரான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.