தாமரையைச் சுற்றிய கொடி

தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதையை நான் சொல்கிறேன், வழக்கை நீங்கள் முடியுங்கள்.

பாளையங்கோட்டைப் பக்கம் செண்பகவடிவு என்று ஒருத்தி இருந்தாள். வாசல் நடையின் மேற்கூரையில் பூ, கொடி, மயில் என்று பிளாஸ்டரில் வார்த்து ஒட்டுவது அவள் தொழில். அதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாண மண்டபத்து முகப்புக்கு அவள் வார்த்த மயிலைத் தன் கைவேலை என்று சொல்லி மாலை வாங்கிக்கொண்டார் கான்ட்ராக்டர் பூதலிங்கம். திறப்பு விழாவில் அவள் எழுந்து, "அது நான் செஞ்சது" என்றாள். "சாந்து குழைக்க வந்தவளுக்கு வாயைப் பாருங்க" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவில்லை. என் வேலைக்கு முன்னால் நீ குனிய வேண்டும், என் பெயரை உன் வாயால் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

இப்போது பூதலிங்கம் தனக்கே வீடு கட்டினார். "அந்த மயிலு மாதிரியே நம்ம நடைக்கும் ஒண்ணு செஞ்சிருங்க" என்று அவர் மனைவி உலகம்மாள் ஆசையாகக் கேட்டாள். மனுஷர் என்ன செய்வார்? கூச்சத்தை விழுங்கிவிட்டு செண்பகவடிவைக் கூப்பிட்டார்.

"பழசை மறந்துரு பிள்ள. ஆனா இது நீ செஞ்சதுன்னு உன் வாயால ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. அண்ணாந்து பாக்கிறவன் கண்ணுக்கு உன் பேரும் தெரியக்கூடாது. சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றார்.

"பண்ணுதேன் முதலாளி" என்று எரிகிற சூடத்தில் கையடித்தாள். மனசுக்குள் அவளுக்குக் குளுகுளு என்று இருந்தது.

நாற்பது நாள் வேலை. நடையின் நடுவில் பெரிய தாமரை, அதைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் கொடி. பூதலிங்கம் மூன்று தடவை வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பெயர் கியர் எதுவும் இல்லை. வெறும் கொடிதான். திருப்தியாகப் போனார்.

உலகம்மாள் தினமும் காப்பி கொண்டுவருவாள். ஒரு நாள் டம்ளரை வைக்கக் குனிந்தவள், சாரத்துக்குக் கீழே இருந்த அகலமான தண்ணீர்ச் சட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "உன் பேரு என்னம்மா?" என்றாள். செண்பகவடிவு தன் பெயரைச் சொன்னாள். "அந்த மண்டபத்துல எழுந்து நின்னது நீதானா?" செண்பகவடிவு காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி சாரத்தில் ஏறினாள்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. நடையின் நடுவில், தாமரைக்கு நேர் கீழே, உலகம்மாள் வெண்கல உருளி ஒன்றை வைத்தாள். எல்லா வீட்டிலும் உருளி நிறையப் பூ மிதக்கும். அவள் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்து வாய் பிளக்க, பூதலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் நம்ம கைவேலைதான்" என்றார். வேலைக்காரர்களோடு சுவரோரம் நின்ற செண்பகவடிவுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

"எதுக்குக் கழுத்து வலிக்கப் பாக்கீங்க? உருளியில பாருங்க, அழகாத் தெரியும். முதல்ல நீங்க பாருங்க" என்றாள் உலகம்மாள், புருஷனிடம்.

அவர் குனிந்தார். தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. முகத்தைச் சுற்றி, இடவலம் மாற்றி வார்த்த கொடி நேராகி எழுத்தாக ஓடியது: செண்பகவடிவு. தண்ணீரைக் கலைக்கக் கையை நீட்டினார். அதற்குள் மைத்துனர் எட்டிப் பார்த்து, "ஏதோ பேரு மாதிரி இருக்கே, அத்தான்?" என்றார்.

செய்தவள் பெயர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரோ, "அது... செண்பகவடிவு. எங்க பாட்டி வழிக் குலசாமி" என்றார்.

உடனே நடையில் இருந்த அத்தனை பேரும் கைகூப்பிக் குனிந்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் கைகூப்பினார். செண்பகவடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் குனிந்துவிட்டான், என் பெயரையும் சொல்லிவிட்டான். ஆனால் வேலையை மறுபடியும் திருடிவிட்டானே! சத்தியம் வாயைக் கட்டியிருந்தது.

அடுத்து, அந்தப் பக்கத்து வழக்கப்படி, வீட்டுக்கு உழைத்தவர்களுக்கு மரியாதை. தலைமை ஆசாரி கொம்பையா, ஒவ்வொருவரையும் அவரவர் செய்த வேலையோடு பெயர் சொல்லி அழைக்க, வீட்டுக்காரர் வேட்டியோ சேலையோ கொடுக்க வேண்டும். ஆசாரிக்கு எந்தச் சத்தியமும் இல்லை. "நடைக்குத் தாமரையும் கொடியும் வார்த்த செண்பகவடிவு!" என்று கணீரென்று கூப்பிட்டார்.

எல்லோரும் உருளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மைத்துனர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூதலிங்கம் சேலையை ஒற்றைக் கையால் நீட்ட, "குலசாமி பேரு உள்ளவளுக்கு அப்படிக் கொடுக்கலாமா? ரெண்டு கையால, குனிஞ்சு கொடுங்க. இனிமே தினமும் காலையில உருளிக்குச் சூடமும் நீங்கதான் காட்டணும்" என்றாள் உலகம்மாள்.

இப்போது சொல்லுங்கள். பெயரை ஒளித்து வார்த்தவள் செண்பகவடிவு. தண்ணீரைத் தெரிந்தே வைத்தவள் உலகம்மாள். ஊரறியப் பெயரையும் வேலையையும் சேர்த்துச் சொன்னவர் ஆசாரி. பூதலிங்கத்தைப் பழி வாங்கியது உண்மையில் யார்?

என்னைக் கேட்டால், பூதலிங்கமேதான். கொடி பேசவில்லை, தண்ணீரும் பேசவில்லை. ஆசாரி எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னார். "செஞ்சவ பேரு" என்று ஒரு தடவை உண்மை பேசியிருந்தால் ஒரே ஒரு குனிவோடு தப்பியிருப்பார். ஏழு வருஷத்துக்கு முன்னால் மண்டபத்திலும் அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்தது. செண்பகவடிவு கேட்டது ஒரு நாள் தண்டனை. தினமும் என்று ஆக்கிக்கொண்டது அவர் வாய். இன்றைக்கும் காலையில் அந்த நடையில் ஒருவர் சூடத்தட்டோடு குனிகிறார். அவள் வேலைக்குப் போகிற வழியில், சைக்கிளை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.