முசுறுகள் இடுப்பைப் பிடித்த கதை

பூச்சி புழுவெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை மாமரம் ஒன்றில் முசுறுகள் குடியிருந்தன. முசுறு என்றால், மரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அந்தக் கூட்டத்தில் உருவாயி என்று ஒருத்தி இருந்தாள். இலை தைப்பதுதான் அவள் வேலை.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. தைக்கிற நூல் முசுறுக் குஞ்சுகளின் வாயில்தான் சுரக்கும். குஞ்சுகளோ அடிமரத்துப் பொந்தில் கிடக்கும். ஒவ்வொருத்தியும் பொந்துவரை இறங்கி, ஒரு வாய் நூல் வாங்கிக்கொண்டு, உச்சிக்கிளைவரை ஏறி, ஒரே ஒரு தையல் போட்டுவிட்டு மறுபடி இறங்குவாள். ஏறி வருவதற்குள் பாதி நூல் காற்றில் காய்ந்துவிடும். காய்ந்த நூலில் போட்ட தையல் மறுநாளே விட்டுப்போகும்.

அந்த வருஷம் மழை முந்திக்கொள்ளும் போலிருந்தது. ராணி முசுறு, மேஸ்திரி ஒச்சம்மாவைக் கூப்பிட்டு, “அடைமழைக்கு முன்னால் பன்னிரண்டு கூடு முடிந்தாக வேண்டும்” என்றாள். முடிந்திருந்ததோ நான்கு.

ஒச்சம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த வழி அவசரப்படுத்துவது ஒன்றுதான். “நடக்காதீங்கடி, ஓடுங்க!” என்று விரட்டினாள். வழியில் நின்று தேன் குடிக்கக் கூடாது என்றாள். எல்லோரும் மூச்சிரைக்க ஓடினார்கள். மூன்றாம் நாள், சீனியம்மா என்ற மூத்தவள் ஓட்டத்தில் பிடி நழுவிக் கீழே கல்லில் விழுந்தாள். ஆறு காலில் ஒன்று போயிற்று. இத்தனைக்கும் ஐந்தாவது கூடு பாதியில்தான் நின்றது.

சீனியம்மாவைப் பொந்துக்குத் தூக்கி வந்தவள் உருவாயி. காயத்தை நக்கித் துடைத்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக மரம் முழுக்க ஓட்டமாயிருந்தது. தைக்கிற இடத்தில் மட்டும் ஆளே இல்லை.

“அக்கா, நாம நாள் பூரா நடக்கத்தான் செய்யுறோம். தைக்கிறது எங்கே?” என்றாள்.

“வேற என்னடி செய்யுறது? நூல் இங்கேதானே இருக்கு” என்றாள் சீனியம்மா.

“நூலை எதுக்குத் தூக்கணும்? குஞ்சையே தூக்கிட்டுப் போயிட்டா?”

ஒச்சம்மா இதைக் கேட்டதும் பதறினாள். “குஞ்சு கீழே விழுந்தா ராணிகிட்ட யார் பதில் சொல்றது?”

“ஒரே ஒரு நாள் விட்டுப் பாருங்க மேஸ்திரி. நானே தூக்குறேன். ஓடாம, பைய நடந்து போறேன்.”

உருவாயி ஒரு குஞ்சைப் பூப்போலக் கவ்வி மேலே கொண்டுபோனாள். அதன் வாயை இந்த இலை ஓரத்தில் ஒற்றினாள், அந்த இலை ஓரத்தில் ஒற்றினாள். ஈரநூல் பசையாக ஒட்டிக்கொண்டது. இறங்காமல் ஏறாமல் தைத்துக்கொண்டே போனாள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் அந்தப் பாதிக்கூடு முழுக்கூடாயிற்று.

அதன்பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் விழவில்லை. மத்தியானத்தில் தேன் குடிக்கக்கூட நேரம் இருந்தது. ஒன்பது நாளில், முன்னே கட்டியதும் சேர்த்துப் பதினோரு கூடு முடிந்தது. மிச்சம் ராணியின் கூடு ஒன்றுதான். அதற்கு அகலமான இலை வேண்டும். பக்கத்துக் கிளையில் அப்படி ஓர் இலை இருந்தது. இடைவெளி பெரிதாகையால் எந்த முசுறுக்கும் அது எட்டவில்லை.

பத்தாம் நாள் காலையில் ஒச்சம்மா எல்லோரையும் ராணிக்குக் கூடு கட்டும் கிளையின் நுனியில் கூட்டினாள்.

“இப்போ இருக்கிற வேலைக்குப் பாதிப் பேர் போதும். மத்தவங்க இந்த நுனி வழியாவே மரத்தைவிட்டு இறங்கிடணும். தேனும் மிச்சமாகும். சீனியம்மா, முதல்ல நீ கிளம்பு.”

கீழே கட்டெறும்புகளின் புற்று இருந்தது. இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

உருவாயி முன்னால் வந்தாள். “மேஸ்திரி, இதுக்காகவா நான் அந்த வழியைச் சொன்னேன்?”

“நீ நல்ல வழிதானே சொன்னே? அதனாலதான் உன்னை நிறுத்திக்கிறேன்.”

சீனியம்மா ஐந்து காலால் நுனியை நோக்கி நகர்ந்தாள். அவள் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கப்போன சமயம், உருவாயி பாய்ந்துபோய் அவள் இடுப்பைக் கவ்விக்கொண்டாள். “விடுடி!” என்றாள் ஒச்சம்மா. வாய் நிறையப் பிடித்திருந்ததால் உருவாயியால் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் நின்றவள் வந்து உருவாயியின் இடுப்பைப் பிடித்தாள். அவள் இடுப்பை இன்னொருத்தி பிடித்தாள். கிளை நெடுக ஒருத்தி பின் ஒருத்தியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

காற்று ஒரு வீசு வீசியது. சீனியம்மாவும் உருவாயியும் கால் நழுவி நுனியில் தொங்கி, ஊஞ்சல்போல ஆடிப் பக்கத்துக் கிளைவரை போனார்கள். எதையாவது பிடிக்க வேண்டுமே என்ற பயத்தில், கண்ணெதிரே வந்த அகல இலையின் ஓரத்தைச் சீனியம்மா பற்றிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. தோழி விழுந்துவிடக் கூடாதே என்று மட்டும் பின்வாங்கி இழுத்தார்கள். இழுக்க இழுக்க, அவர்களோடு அந்த இலையும் வளைந்து வந்தது.

ஒச்சம்மா வரிசையை முன்னும் பின்னும் பார்த்தாள். இழுத்தவர்களில் பாதிப் பேர், அவள் இறக்கிவிட நினைத்தவர்கள். இலை விசையோடு திமிறியது. கடைசியில் நின்றவளின் கால்கள் கிளையில் சறுக்கத் தொடங்கின. ஒச்சம்மா ஓடிப்போய் அவள் பின்னால் நின்று, அவள் இடுப்பைத் தானே பிடித்துக்கொண்டாள்.

இலை வந்து சேர்ந்தது. குஞ்சுகளைக் கொண்டுவந்து தைத்தார்கள். மழை தொடங்கியபோது எல்லோரும் உள்ளே இருந்தார்கள். இறங்கிப்போகும் பேச்சை ஒச்சம்மா பிறகு எடுக்கவே இல்லை.

அன்றைக்குப் பிடித்த பிடிதான். இன்றைக்கும் முசுறுகள் இலையை இழுக்கும்போது ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. நாம் கையால் பிரிக்கப் போனாலும் அவை விடுவதில்லை.