கழுத்தில் பெருத்த கட்டி

“இங்கே எனக்கு என்ன வேலை, மேடம்?” என்றார் அருளப்பன். “வெட்டுறதில்லை, கதிர் வச்சு எரிக்கிறதில்லை. ட்ரிப்ஸ் ஏத்திட்டு உட்கார்ந்திருக்கோம்.”

அவர் இருபத்தெட்டு வருஷம் புற்றுநோய்க் கட்டிகளை வெட்டி எடுத்தவர். ஐம்பத்தாறு வயதில் புது வைத்தியம் கற்றுக்கொள்ள டாக்டர் தில்ஷாத்திடம் வந்து சேர்ந்திருந்தார். தில்ஷாத்துக்கு முப்பத்தெட்டு. பழம்தின்று கொட்டை போட்ட மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை, குறைதான் சொல்வார்கள்.

“சாப்பிட வாங்க சார்” என்றார் தில்ஷாத்.

கேன்டீனில் மோர் வாளியோடு பரிமாறுகிறவர் வந்தார். தில்ஷாத் எட்டி, அருளப்பனின் இலைக்குக் குறுக்கே தன் கையை நீட்டினார். பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

“எனக்கு வேணும், மேடம்.”

“தெரியும். அவர் என் கையைப் பார்த்தார், போதும்னு நினைச்சுட்டார்.”

“சரி, அதுக்கென்ன?”

“நம்ம உடம்புல நோயோட சண்டை போடுற வெள்ளை அணுக்கள் மேல, ‘போதும்’னு சைகை வந்தா அதை வாங்கி அணுவை நிறுத்தறதுக்குன்னே ஒரு ஏற்பி இருக்கு. கட்டி அந்தச் சைகையைக் கள்ளத்தனமா காட்டுது. அணுக்கள் பக்கத்துல வந்தும் சும்மா நிக்குது. நம்ம மருந்து அந்த ஏற்பியை மூடுது. அவ்வளவுதான்.”

“அப்படி ஓர் ஏற்பி உடம்புக்கு எதுக்கு? இல்லாமலே இருந்திருக்கலாமே.”

தில்ஷாத் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவர் மோரை ஊற்றினார். அருளப்பன் கையை நீட்டினார். அவர் நிறுத்தவில்லை. மோர் இலையைத் தாண்டி மடியில் இறங்கியது.

“சிலருக்கு இதுவும் நடக்கும்” என்றார் தில்ஷாத். “நிறுத்த ஆளில்லாம நல்ல குடலையே அணுக்கள் தாக்கும். அதனாலதான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கோம்.”

அருளப்பன் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது ட்ரிப்ஸுக்கு மரியபுஷ்பம் வந்தாள். தூத்துக்குடியில் மீன் ஏலம் விடுகிறவள். நுரையீரல் புற்று கழுத்துவரை ஏறியிருந்தது. முதலில் வந்தபோது கழுத்துக் கட்டி எலுமிச்சை அளவு இருந்தது. இப்போது சாத்துக்குடி அளவு.

அருளப்பன் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“மருந்து தோத்துப்போச்சு, மேடம். உடனே நிறுத்துங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டா மூச்சுக்குழாயை அமுக்கிடும். நாளைக்கே நான் வெட்டி எடுத்துடறேன்.”

தில்ஷாத் ஸ்கேனைப் பார்த்தார். பிறகு மரியபுஷ்பத்தைப் பார்த்தார்.

“சாப்பிடுறீங்களாம்மா?”

“காலையில ஆறு இட்லி தின்னேன் டாக்டரம்மா. முந்தி கஞ்சி கூட எறங்காது. நேத்து ஏலத்துக்குப் போனேன். நான் போட்ட சத்தத்துல மீன் வாங்க வந்த ஏவாரிக்கெல்லாம் காது அடைச்சிட்டு.”

தில்ஷாத் அருளப்பன் பக்கம் திரும்பினார். “வெட்டவேண்டாம் சார். ஊசியால துளி சதை எடுங்க.”

“நேரம் போகுது, மேடம்.”

“எடுங்க.”

எடுத்தார். முடிவு வரக் காத்திருந்த நான்கு நாளும் அருளப்பன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் தில்ஷாத் அவரை நுண்ணோக்கிமுன் உட்காரவைத்தார்.

நெருக்கியடித்து நிற்கும் புற்று அணுக்களை எதிர்பார்த்து அருளப்பன் குனிந்தார். அவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதைந்து கிடந்தன. மற்ற இடமெல்லாம் சின்னச்சின்ன உருண்டைகள், கருநீலமாக, திருவிழாக் கூட்டம்போல். சண்டை போடும் அணுக்கள். கட்டியைப் பருக்கவைத்தது அந்தக் கூட்டம்தான்.

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இத்தனை பேரை எங்கேருந்து கூட்டிட்டு வந்தீங்க?”

“நான் யாரையும் கூட்டிட்டு வரலை. எல்லாம் அவங்க உடம்புல இருந்தவங்கதான்.”

அருளப்பன் எழுந்தார். “நான் வெட்டியிருந்தா, இவங்களையும் சேர்த்து வெட்டிக் குப்பையில போட்டிருப்பேன்.”



வெளியே பெஞ்சில் மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த அருளப்பனின் முகத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி என்று புரிந்து எழுந்தாள். இருபத்தெட்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எத்தனையோ பேர் அவரைக் கும்பிட்டிருக்கிறார்கள். அவளும் கையைத் தூக்கினாள்.

அவர் முந்திக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து நின்றார்.

அவள் பதறிப்போனாள். “என்னய்யா இது, ஆளை மாத்திக் கும்பிடுதிய.”

“இல்லம்மா, ஆள் மாறலை” என்றார் அருளப்பன்.